ஜாக்ஸ்பியின் தனிக்குடித்தனம்

எக்ஸ்எம்எல்லில் இருப்பதை ஜாவா ஆப்ஜெக்டாகவும், ஆப்ஜெக்டைத் திரும்ப எக்ஸ்எம்எல்லாகவும் மாற்றித் தரும் லைப்ரரி ஜாக்ஸ்பி. அதன் முதல் பதிப்பு 2003-இல் வந்தது. 2006 டிசம்பரில் வெளியான ஜாவா 6, இதையும் ஜேடிகேவோடு சேர்த்தே கொடுத்தது. அதற்குப் பிறகு ஜாக்ஸ்பியைத் தேடி யாரும் அலையவில்லை. ஒரு இம்போர்ட் வரி போதும். தங்கள் புரோகிராம் இந்த லைப்ரரியை நம்பி நிற்கிறது என்பதை எங்கேயும் எழுதி வைக்க வேண்டிய அவசியமே புரோகிராமர்களுக்கு இல்லாமல் போனது.

அந்தச் சுகம் 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் முடிந்தது. மார்க் ரைன்ஹோல்ட் தலைமையில் 2008-இல் தொடங்கிய ஜிக்சா திட்டம், ஜாவா 7-இல் வரும் என்றார்கள், 8-க்குத் தள்ளினார்கள், 9-இல்தான் வந்து சேர்ந்தது. 2017 மே மாதம் ஜாவா தரநிலைக் குழுவின் வாக்கெடுப்பில்கூட 13-க்கு 10 என்று தோற்று, ஜூனில் திரும்ப வைத்துத்தான் நிறைவேறியது.

ஜிக்சா, ஜேடிகேயைப் பல மாட்யூல்களாகப் பிரித்தது. ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு என்ன வேண்டும், பிறருக்கு எந்த பேக்கேஜைத் தருகிறது என்பதை ஒரு சிறு கோப்பில் சொல்லியாக வேண்டும். புரோகிராமைத் தொடங்கும்போது ஜேவிஎம் முதல் மாட்யூலை எடுத்து, அதற்கு வேண்டியவை, அவற்றுக்கு வேண்டியவை என்று கடைசிவரை போய்த் திரட்டும். ஒன்று கிடைக்காவிட்டாலும் மெயின் மெத்தட் ஓடாது. ஒரே பேக்கேஜை இரண்டு மாட்யூல்கள் ஒரு மாட்யூலுக்குத் தந்தாலும் ஏற்காது.

ஜாக்ஸ்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். அது ஜாவா ஈஈ குடும்பத்தையும் சேர்ந்தது. அப்ளிகேஷன் சர்வர்கள் அந்தக் குடும்பத்து பேக்கேஜ்களைத் தாங்களே கொண்டுவந்தன; அவை ஜேடிகேயில் இருப்பவற்றோடு மோதும். அதனால் கிளாஸ்பாத்தில் ஓடும் புரோகிராம்களுக்கு ஜாக்ஸ்பி இருக்கும் மாட்யூலைத் தானாகச் சேர்ப்பதில்லை என்று முடிவானது. லைப்ரரி டிஸ்கிலேயே இருந்தும், கிளாஸ் கிடைக்கவில்லை என்ற எரர் வந்தது. பலர் ‘ஆட்-மாட்யூல்ஸ்’ ஆப்ஷனைக் கமாண்டில் சேர்த்துத் தப்பித்தார்கள். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11, மாட்யூலையே எடுத்துவிட்டது. அந்த ஆப்ஷனை அப்படியே விட்டுவைத்திருந்த ஸ்கிரிப்ட்களால் இப்போது புரோகிராம் தொடங்கவே மறுத்தது.

இவ்வளவு தொல்லைக்குப் பின்னும், பிரித்தது சரி என்றே நினைக்கிறேன். ஜேடிகேவுக்குள் இருந்தவரை, அதோடு வந்த ஜாக்ஸ்பியில் ஒரு திருத்தம் வேண்டுமென்றால் ஜேடிகேயின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். வெளியே வந்தபின் அதற்கென்று தனிப் பதிப்பு, தனி வேகம்.

ஆனால் தனிக்குடித்தனத்தில் சாமான்களை நாமேதான் வாங்க வேண்டும். மேவன் என்ற பில்ட் கருவியில் ஏபிஐ ஜாரை மட்டும் சேர்த்தால் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது, இம்ப்ளிமென்டேஷன் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஏபிஐ ஜாரில் உண்மையாக மாற்றித் தரும் வேலையைச் செய்யும் கோடு கிடையாது. அதைச் செய்யும் ரன்டைம் ஜார் வேறு. அதை ஓடும்போது சர்வீஸ் லோடர்தான் தேடிப் பிடிக்கிறது. மாட்யூல் கோப்பில் பதிப்பு எண்ணுக்கும் இடமில்லை. ஜேவிஎம் பெயரை மட்டுமே பார்க்கும். எந்தப் பதிப்பு என்பது மேவன் போன்ற பில்ட் கருவியின் பொறுப்பு. ஜேவிஎம்மின் வேலையையும் பில்ட் கருவியின் வேலையையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

அடுத்த மாற்றத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஜாவா ஈஈ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது, ‘ஜாவாஎக்ஸ்’ என்ற பெயரில் எதையும் மாற்றி வெளியிட ஆரக்கிளோடு உடன்பாடு எட்டப்படவில்லை. 2020-இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் பேக்கேஜ்களின் பெயர் ‘ஜகார்த்தா’ என்று மாறியது. பழைய பெயரில் அனோட்டேஷன் போட்ட கிளாஸைப் புதிய ரன்டைமிடம் கொடுத்தால், ரூட் எலிமென்ட் அனோட்டேஷனே இல்லை என்று சொல்லும். அது கிளாஸின் தலைக்கு மேலேயே இருக்கும்! அப்போது பார்க்க வேண்டியது இம்போர்ட் வரியை. அங்கே ‘ஜாவாஎக்ஸ்’ என்று இருந்தால், கோடு ஒரு தலைமுறையிலும் ஜார் இன்னொரு தலைமுறையிலும் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.