கல்லுக்கு விலை சொல்வது யார்?



இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம்: ஏமாறாமல் வாங்குவது எப்படி?' என்பது. நகைக்கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய தலைப்பை அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கடைக்காரர் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பாதி வரலாறு. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் தோட்டப்புற மக்களுக்கு நகை என்றால் தங்கம். இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் பால் மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் 1920களின் பிற்பகுதியில் வாங்கிய நாள் கூலி, முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதிலும் கை வைத்தார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் ஒரு ஜோடித் தோடு, ஒரு தாலி, கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு சங்கிலி.

அவர்கள் ஏன் தங்கத்தை மட்டும் நம்பினார்கள்? ஜப்பானியர் ஆட்சியைக் கண்டவர்கள் அவர்கள். 1942 முதல் 1945 வரை வாழைமரம் போட்ட நோட்டைச் சம்பளமாக வாங்கினார்கள். போர் முடிந்தது; கட்டுக்கட்டாக வைத்திருந்தவர் கையிலும் அது வெறும் காகிதம். இடுப்பு முடிச்சில் ஒரு குண்டுமணித் தங்கம் வைத்திருந்தவருக்கு அதன் மதிப்பு அப்படியே இருந்தது. இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் நடத்தவில்லை, ஆனால் மூன்று தலைமுறை மறக்கவில்லை.

போருக்குப் பிறகும் நகை வாங்கக் கைகொடுத்தது கூட்டுதான். பத்துப் பேர் சேர்ந்து மாதா மாதம் பணம் போட்டு, முறை வருகிறவர் மொத்தமாக எடுத்துக்கொள்வார். கூட்டைத் தடை செய்து 1971இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. மலேசியச் சட்டப் புத்தகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்! பெருமைப்படுவதா, சிரிப்பதா, தெரியவில்லை.

தங்கத்தில் ஒரு வசதி உண்டு. உரைகல்லில் தேய்த்தால் மாற்று தெரிந்துவிடும். தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும். அன்றைய விலை ஊருக்கே தெரியும். 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், கணக்கு அவ்வளவுதான். சிரம்பானில் வாங்கியதை ஈப்போவில் விற்றாலும் கூலியும் சேதாரமும் போக மீதி கைக்கு வரும். படிக்காத பாட்டிகூடக் கடைக்காரரிடம் நிமிர்ந்து நின்று பேச முடிந்தது இதனால்தான்.

வைரக் கடையில் அந்தப் பாட்டி எதைக் கேட்பார்? ஒரே எடையுள்ள இரண்டு கல், அவர் கண்ணுக்கு ஒன்றுபோல் மின்னும். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்காக இருக்கும். காரணம் கடைக்காரருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது.

இதற்காக வைரமே நமக்கு அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையைப் புரட்டிப் பாருங்கள். கோவலன் மதுரையின் கடைத்தெருக்களைச் சுற்றி வருகிறான். மணிகள் விற்கும் வீதியில் வைரத்தைச் சொல்லும்போதே, அதில் இருக்கக்கூடாத குற்றங்கள் நான்கையும் இளங்கோவடிகள் பெயர் சொல்லி அடுக்குகிறார்: காகபாதம், களங்கம், விந்து, ரேகை. காக்கைக் காலடிபோல் ஒரு கீறல், மங்கல், புள்ளி, கோடு. இன்று ஆய்வுக்கூடத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துத் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். இவ்வளவு தெரிந்த வீதியிலிருந்து அதிகத் தொலைவு போவதற்குள் கோவலன் ஒரு பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டி உயிரையே இழந்தான். கண்ணகி வழக்கில் வென்றது எப்படி? சிலம்பை உடைத்து, உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்று காட்டினாள். நகைக்கான சான்றிதழ் அன்று நகைக்குள்ளேயே இருந்தது.

1720களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, போர்னியோ போன்ற ஓரிரு இடங்களில் கிடைத்த சிறிதளவு தவிர, உலகத்துக்கு வைரம் கொடுத்தது இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கம் பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, 60,000 பேர் வேலை செய்வதாக எழுதி வைத்தார். பேரம் நடந்த விதத்தையும் எழுதினார். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்காருவார்கள். துணிக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தி விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நம் சென்னையில் நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். 1701ஆம் ஆண்டு முடியும் வேளையில் ஜாம்சந்த் என்ற வைர வணிகர், பட்டை தீட்டாத 410 காரட் கல் ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார். கேட்ட விலை 2 லட்சம் வராகன். பிட் அசையவில்லை. பேச்சு முறிந்தது, மறுபடி தொடங்கியது, சில வாரங்கள் இழுத்தது. முடிவில் 1702இல் கல் கைமாறிய விலை 48,000 வராகன். கேட்டதில் கால்வாசிகூட இல்லை! லண்டனில் பட்டை தீட்டியபோது 410 காரட் 140 காரட் சொச்சமாகச் சுருங்கியது. அப்படிச் சுருங்கிய கல்லை 1717இல் பிரெஞ்சு நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியான் கோமகன் 135,000 பவுண்டுக்கு வாங்கினார். பிட் கொடுத்தது சுமார் 20,000 பவுண்டு. கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே கல்லுக்கு எத்தனை விலை, பார்த்தீர்களா? தங்கத்தில் இப்படி நடக்குமா? ஜாம்சந்த் விவரம் இல்லாதவரும் அல்லர், அந்நாளில் பெயர் பெற்ற வணிகர். ஆனால் அவ்வளவு பெரிய கல்லை வாங்கக்கூடிய ஆள் அங்கே அதிகமில்லை. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருந்தது. இந்த பிட்டின் கொள்ளுப்பேரன்தான் பினாங்கு பிரிட்டிஷார் கைக்கு வந்த 1786இல் இங்கிலாந்துப் பிரதமராக இருந்த வில்லியம் பிட். அவர் பெயரில்தான் ஜார்ஜ்டவுனில் பிட் வீதி இருந்தது. இன்று அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். நகைக்கடைகளும் நாணயமாற்றுக் கடைகளும் இருக்கிற அந்த வீதியில் நம்மவர்கள் எத்தனை பேர் தாலிக்குப் பொன் வாங்கியிருப்பார்கள்!

சரி, கோமகன்கள் வாங்கிய வைரம் நம் தாமான் வீட்டு நிச்சயதார்த்தத் தட்டுக்கு எப்படி வந்தது?

1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிம்பர்லியில் குவியல் குவியலாக எடுத்தார்கள். இவ்வளவு கல் சந்தைக்கு வந்தால் விலை நிற்குமா? நிற்க வைக்கத்தான் 1888இல் டி பியர்ஸ் நிறுவனம் உருவானது. வரத்தை அவர்கள் இறுக்கிப் பிடித்தார்கள். நம் சமுதாயமும் அந்த ஆப்பிரிக்கக் கல்லை வாங்கியது. ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் என்ற ஊர்ச் சுரங்கத்தின் நீலம் பாய்ந்த வெள்ளைக் கல்தான் நம் வசதியான வீடுகளில் 'புளூ ஜாகர்' என்று பேர் வாங்கியது. ஆனால் அது ஏறிய இடம் காதும் மூக்கும். ஏழு கல் தோடு, மூக்குத்தி. கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்து, குடும்பத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். நம்பிக்கையோ மூடநம்பிக்கையோ, ஒரு நன்மை இருந்தது: அவசரப்பட்டு வாங்கவில்லை.

விரலில் வைரம் போட்டால்தான் நிச்சயம் என்ற பழக்கத்தைப் பரப்பியது விளம்பரம். மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது இதை எங்களுக்கு ஒரு பாடமாகவே வைத்திருந்தார்கள். 1938இல் டி பியர்ஸ், பிலடெல்பியாவின் என்.டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனத்தை நாடியது. 1947இல் அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஜெராட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்குமானது என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களை எழுதினார். என்றென்றைக்கும் என்றால் என்ன அர்த்தம்? விற்காதே என்றும் அர்த்தம். வாங்கியவர்கள் எல்லாரும் விற்கக் கிளம்பினால் விலை சரியும் அல்லவா? ஜப்பானைப் பாருங்கள். 1967இல் அங்கே நூறு மணப்பெண்களில் ஐந்து பேருக்குக்கூட வைர மோதிரம் கிடைக்கவில்லை. 1981க்குள் அறுபது பேர் விரலில் அது ஏறிவிட்டது. பதினான்கே ஆண்டுகள். பரிசம் போட்டு, பாக்கு வெற்றிலை மாற்றி உறுதி செய்த நாமும் மோதிரம் மாற்றப் பழகிக்கொண்டோம். தவறென்று சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு செய்வோம்.

இதே பாரோயைச் சேர்ந்த ஒரு தம்பி, செனவாங் தொழிற்சாலையில் வேலை. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, பொண்ணு வீட்டுல வைரம் கேட்கல. கூட வேலை செய்றவங்கதான் எத்தனை காரட்டுன்னு கேட்கறாங்க. லோன் போட்டுடலாமா?" என்றார். லோன் வேண்டாம் தம்பி, கையில் இருப்பதற்குள் நல்ல கல்லாகப் பார்க்கலாம் என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம். அரை காரட், ஒரு காரட் என்ற முழு எண்களைத் தொட்டவுடன் விலை தாவும். 0.50 காரட் கல்லுக்கும் 0.47 காரட் கல்லுக்கும் விரலில் வித்தியாசம் தெரியாது, ரசீதில் தெரியும். நிறத்துக்கு ஆங்கில எழுத்து வரிசையில் 'டி' முதல் 'இசட்' வரை தரம் உண்டு. அமெரிக்க ரத்தினவியல் கழகமான ஜி.ஐ.ஏ. 1953இல் கொண்டுவந்த முறை அது. மஞ்சள் தங்கத்தில் பதிக்கப் போகிறீர்கள் என்றால் 'டி' நிறத்துக்குப் பணத்தைக் கொட்டுவது வீண். 'ஜே' கூட வெள்ளையாகவே தெரியும். குற்றம் லென்ஸில் தெரிந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால், அன்றாடம் போடும் மோதிரத்துக்கு அது போதும். பணத்தைப் போட வேண்டிய இடம் பட்டை. பட்டை சரியில்லாத கல், எவ்வளவு பெரிதானாலும் கண்ணாடித் துண்டுபோல்தான் கிடக்கும்.

சான்றிதழ் யார் கொடுத்தது என்று கேளுங்கள். விற்கிற கடையே அச்சடித்துக் கொடுத்தால் அது கடைக்காரரின் வாய்ச்சொல்தான். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற வெளி ஆய்வுக்கூடத்தின் அறிக்கை என்றால் அதில் ஒரு எண் இருக்கும். பல கற்களின் இடுப்பு விளிம்பிலேயே அந்த எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டு வாங்கி, பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தின் இணையத்தளத்திலும் அடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம்: மண்ணில் விளைந்ததா, ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததா? செயற்கை வைரம் தயாரித்துவிட்டதாக அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1955இல் அறிவித்தது. நகைக்கு ஏற்ற கல்லாக அது பெருமளவில் வந்தது இந்த நூற்றாண்டில். திருச்சியில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டிய போலிக் கல் வேறு, இது வேறு. இதுவும் வைரமேதான், வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் விலை வேறு. டி பியர்ஸே 2018இல் காரட் 800 டாலர் என்று வளர்ப்பு வைரம் விற்க இறங்கியது. விலை சரிந்துகொண்டே போக, 2025இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. அந்தத் தம்பிக்கு நான் வளர்ப்பு வைரத்தையும் பார்க்கச் சொன்னேன். மலிவாகக் கிடைப்பதை மலிவு விலைக்கு வாங்கினால் நட்டம் இல்லை. சுரங்கக் கல்லின் விலைக்கு வாங்கினால்தான் வயிறு எரியும்.

அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். அடகுக்கடையில் முதலில் பார்ப்பது தங்கத்தின் எடை. வைரம் பதிக்கும் மோதிரம் பெரும்பாலும் 750 மாற்றுத் தங்கம். 916 மென்மையானது, கல்லை இறுக்கிப் பிடிக்காது. ஆக, தங்கமும் குறைவு, கல்லுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வட்டி வேறு. பாட்டியின் சங்கிலி செய்த வேலையை இந்த மோதிரம் செய்யாது. சேமிப்புக்குத் தங்கத்தைத் தனியாக வாங்குங்கள். மோதிரத்தை ஆசைக்கு வாங்குங்கள்.

ரசீதில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: கல்லின் எடை, அறிக்கை எண், இயற்கையா வளர்ப்பா என்பது, தங்கத்தின் மாற்று. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2019இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.