கயிறு கட்டி இழுத்த பாதை

நியூசிலாந்தில் வாங்கனுயி என்று ஓர் ஆறு. சின்னப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, துடுப்புப் போட்டபடியே 5 நாள் போகலாம். 145 கிலோமீட்டர்! இரண்டு கரையிலும் அந்த மண்ணுக்கே உரிய காடு. இருட்டினால் கரையேறி, கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கவேண்டியதுதான். இதற்காகவே எங்கெங்கிருந்தோ காசு செலவழித்து வருகிறார்கள்.

'நமக்கேது அந்தக் கொடுப்பினை?' என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் படகேறி, எண்ணூர், பழவேற்காடு தாண்டி, ஸ்ரீஹரிகோட்டா காட்டோரமாக நாள் கணக்கில் போகிற நீர்வழி நம்மிடமும் இருந்தது. என்ன, அதை யாரும் உல்லாசப் பயணம் என்று சொல்லவில்லை. பிழைப்பு என்றார்கள்!

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டினார். பதினோரு மைல்தான். 1837-ல் அரசாங்கம் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்து, வடக்கே நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்!

காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளணும். அதுவும் ஆகாதா? படகில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக இழுத்து நடக்கணும். மனுஷன் நடக்கிற வேகம்தான் படகின் வேகம். எண்ணூர் உப்பளங்களைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. இன்றைய கும்மிடிப்பூண்டி வட்டாரம் அதன் மேற்குக் கரை. தென்முனையில், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இருந்த ஊர். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு... பாலை, நாவல், பிரம்பு என்று அடர்ந்த காடு, அதில் யானாதிப் பழங்குடிகள். அந்தத் தீவின் விறகு படகு படகாக வந்து சென்னையின் அடுப்புகளில் எரிந்தது.

இந்தக் கால்வாய்க்கு 'பக்கிங்ஹாம்' என்று பெயர் வந்த கதை இருக்கிறதே, அது வயிற்றைப் பிசைகிற கதை. 1876-78, தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரணம் என்ற பெயரில் மண் வெட்டும் வேலை கொடுத்தது சர்க்கார். 1877 தொடக்கத்தில் ஓர் ஆணுக்கு அன்றாடக் கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா! ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இது போதாது என்று டாக்டர்களே எதிர்த்த பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் இப்படிப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. 1878-ல் பெயர் சூட்டினார்கள். வெட்டியவர்கள் பெயரையா? கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை!

1899-ல் விஜயவாடா ரயில் பாதை வந்தது. பிறகு லாரி. 1965-66, 1976 புயல்கள் கரைகளை உடைத்துப்போட்டன. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமாகி, 1971-ல் முதல் ராக்கெட்டும் கிளம்பிவிட்டது. சென்னைக்குள்ளே கால்வாய் சாக்கடையாகி, அதன்மேல் பறக்கும் ரயிலுக்குத் தூண்களும் நட்டாயிற்று. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் சரக்கெல்லாம் நெடுஞ்சாலையில் போகிறது.

எல்லோரும் மறந்துபோன அந்தக் கால்வாய், 2004 டிசம்பர் 26 அன்று தான் யார் என்று காட்டியது. சுனாமித் தண்ணீர் கரையேறி வந்தபோது பல இடங்களில் அதை உள்ளே வாங்கித் தேக்கி, திரும்பக் கடலுக்கே அனுப்பி வைத்தது. தண்ணீருக்கு ஒதுங்க ஓர் இடம் இருந்ததால் தப்பிய உயிர்கள் ஏராளம்.

அதற்கு நாம் செய்த கைம்மாறு? 2008-ல் 'தேசிய நீர்வழி எண் 4' என்ற திட்டத்தில் இதையும் சேர்த்தார்கள். காகிதத்தில் கௌரவம்தான். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் வருஷக்கணக்காக அனல் மின்நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வந்து படிந்தது. மீனவர்கள் கையால் அதை அள்ளிக் கொட்டினார்கள்.

வாங்கனுயி ஆற்றை 2017-ல் நியூசிலாந்து ஒரு சட்டபூர்வ 'நபர்' என்றே அறிவித்துவிட்டது. அதற்கு ஒரு கெடுதல் என்றால் அதன் சார்பில் வழக்குப் போடலாம். நம் கால்வாய்க்கு அவ்வளவு பெரிய பதவியெல்லாம் வேண்டாம். ஒரு பவுண்டு தானியத்துக்கு அதை வெட்டிய கைகளை நினைத்தாவது, எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்குமாவது அடைக்காமல் விட்டுவைக்கலாமே?

அடுத்த வெள்ளமும் ஒதுங்க இடம் தேடித்தானே வரும்!