பிளாஸ்கெட் தீவு காலியான கதை

2020இல் ஒரு வேலை விளம்பரம் உலகையே சுற்றி வந்தது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் கிரேட் பிளாஸ்கெட் தீவில் கோடை முழுதும் தங்கி, ஒரு காபிக் கடையையும் சில விருந்தினர் குடில்களையும் பார்த்துக்கொள்ள இருவர் தேவை. மின்கம்பி கிடையாது, குழாயில் வெந்நீரும் வராது. ஆனாலும் விண்ணப்பங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன.

அதே தீவிலிருந்து தங்களைக் கரையேற்றும்படி 1940களில் அரசிடம் மன்றாடியவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த மக்கள்.

1916 வாக்கில் அங்கே 176 பேர் வாழ்ந்தார்கள். மீன், ஆடு, உருளைக்கிழங்கு, அடுப்பெரிக்கக் கரிமண், இவ்வளவுதான் வாழ்வாதாரம். தார் பூசிய கித்தான் படகில்தான் கரைக்குப் போய்வர வேண்டும். மருத்துவரோ பாதிரியாரோ தீவில் இல்லை. இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பலர் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் குடியேறினார்கள். பிள்ளைகள் குறைந்துபோனதால் 1941இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.

ஆட்கள் குறைந்துவந்த அந்த ஆண்டுகளில்தான் தீவு உலகப் புகழ் பெற்றது. ஐரிஷ் மொழி கலப்பின்றிப் புழங்கிய இடம் என்பதால் அறிஞர்கள் தேடி வந்தார்கள். மீனவரான டாமஸ் ஓ கிரிஹனுக்கு பிரையன் கெல்லி என்பவர் மக்சீம் கார்க்கியின் எழுத்தைப் படித்துக் காட்டி, எளிய மனிதர்களின் வாழ்க்கையும் இலக்கியமாகும் என்று ஊக்கப்படுத்தினார். 1929இல் டாமஸின் 'தீவுக்காரன்' நூல் வெளிவந்தது. 1933இல் மாரிஸ் ஓ சலிவன் தம் இளமைக்காலத்தை எழுதினார். கதைசொல்லியான பெக் சேயர்ஸ் தம் வாழ்க்கையை மகனிடம் சொல்லி எழுதச் செய்தார். அது 1936இல் நூலாயிற்று. இத்தனை சிறிய ஊரிலிருந்து இவ்வளவு இலக்கியம் பிறந்தது அபூர்வம்.

புகழால் பசி தீரவில்லை. 1947 தொடக்கத்தில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலால் இறந்தார். கடல் கொந்தளிப்பால் மருத்துவர் வர வழியில்லை. அதே ஆண்டு, புயலில் சிக்கி உணவின்றித் தவிப்பதாகப் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி பறந்தது. அவர் தீவுக்கே நேரில் வந்தார். என்றாலும் 1953 நவம்பரில்தான் அரசு குடிபெயர்ப்பைத் தொடங்கியது. அப்போது மிஞ்சியிருந்தவர்கள் 22 பேர்.

தீவு வாழ்க்கைக்கு ஏங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைத் தீவுக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்கெட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் படகேறும் முன் அந்த நூல்களில் ஒன்றையாவது படிக்க வேண்டும்.