மேற்படி யார்?

ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணற்றுக்குப் போகிற வழியில் எங்கள் பூர்வீக வீடு. தாத்தா கர்ணமாக இருந்தவர். 1980-ல் தமிழகத்தில் அந்தப் பதவியே எடுபட்டது. அவர் கைப்பட எழுதிய நெல் கணக்கு நோட்டு பரணில் தங்கியது. அதை நான் படியெடுக்கிறேன்.

ஒரு பக்கத்தில் “தச்சர் மேரை, நெல் ௨ கலம்” என்றிருந்தது. களத்துமேட்டில் பொலி அளக்கும்போது ஊர்த் தொழில்காரர்களுக்கு ஒதுக்கும் பங்குதான் மேரை. அடுத்த வரி “௸ வைக்கோல் ௪ கட்டு”. ௸ என்றால் மேற்படி. அதன்கீழே கொல்லர், ௩ கலம். கம்ப்யூட்டரில் ஏற்றி அளவு வாரியாக வரிசைப்படுத்தினேன். ௸ கொல்லருக்குக் கீழே போய் நின்றது. தச்சரின் வைக்கோல் கொல்லருடையதாகிவிட்டது. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை, கணக்கு தப்பிவிட்டது.

எங்கள் வட்டாரத்துக் கணக்குகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். வீடு, ஏரி, நிலம், மானியம் என்று ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய விவரங்களில் ஒரு பகுதி இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஓலை வாசிப்பவருக்கு இடம் மிக முக்கியம். ஏட்டெண் இடது ஓரத்தில் நிற்கும். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுதாமல் விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடத்தை எழுத்து உதிர்ந்த இடமென்று நினைத்தால் இல்லாத சொல்லைத் தேட நேரும். அதனால் “துளை” என்றும் “சிதைவு” என்றும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

கல்வெட்டு படியெடுத்தவர்கள் இதை முன்பே உணர்ந்தார்கள். உத்திரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை அச்சில் பாருங்கள். வரிக்கு வரி எண் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சுவருக்கே போகலாம். ஐரோப்பாவில் 1931-ல் லெய்டன் நகரின் பெயரால் ஒரு முறை வகுத்தார்கள். அழிந்துபோனதை ஊகித்துச் சேர்த்தால் சதுர அடைப்பு, சுருக்கத்தை விரித்தால் வளைந்த அடைப்பு. எழுதியவர் கையும் படியெடுத்தவர் கையும் கலக்காது. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்கள் உட்பட 51 தமிழ்க் குறிகள் 2019-ல் யூனிகோடில் சேர்ந்ததால், தாத்தாவின் குறிகளை அப்படியே வைக்கவும் வழி பிறந்தது.

நோட்டை முதலிலிருந்து மறுபடி எழுதுகிறேன். பக்க எண், வரி எண், ஓரத்துத் தேதி எல்லாம் அதனதன் இடத்தில். 7-ஆம் வரி இப்போது இப்படி இருக்கிறது: ௸ (தச்சர்) வைக்கோல் ௪ கட்டு. அடைப்புக்குள் இருப்பது என்னுடையது, மற்றதெல்லாம் தாத்தாவுடையது. தச்சரின் வைக்கோல் தச்சருக்கே திரும்பிவிட்டது.