தாய் வேடம்

1953ஆம் ஆண்டில் ஜெமினி ஸ்தாபனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில், காதலும் கல்யாணமும் இன்றி, நரைத்த தலையும் கைக்கோலுமாக ஊர் ஊராய்ச் சென்று மன்னர்க்கும் நீதி உரைக்கும் ஒரு மூதாட்டியையே கதையின் தலைவியாக நிறுத்த எஸ். எஸ். வாசன் துணிந்தார் என்பது, இன்று எண்ணிப் பார்க்கும்போது ஆச்சரியமாகவே இருக்கிறது. அவ்வேடம் தாங்கிய கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையில் வளர்ந்தவர். 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளாடையே உடுத்தி வாழ்ந்தவர். ஆதலால் முதுமை அவரிடம் ஒரு குறையாகத் தோன்றாமல் கம்பீரமாகவே விளங்கிற்று. மறு ஆண்டு வந்த ‘மனோகரா’விலோ, கண்ணாம்பா ஏற்ற தாயின் ஒரு சொல்லுக்காகவே வீரமகன் தன் சினத்தை அடக்கி நிற்கிறான்.

இந்த அதிகாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. கதாநாயகர்களின் பிரபாவம் ஓங்க ஓங்க, நடிகையின் பிராயம் அவளுடைய ஜாதகத்தை விட்டு, அவர்களுடைய தேவையைக் கொண்டே கணிக்கப்படலாயிற்று. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனுக்கு ஜோடியாக நடித்த பண்டரிபாய், 1968இல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில், தம்மினும் பத்து வயதுக்குமேல் மூத்த எம்.ஜி.ஆருக்குத் தாயானார், அடுத்த ஆண்டு ‘தெய்வமக’னில் சிவாஜி ஏற்ற மூன்று வேடங்களுள் ஒன்றுக்கு மனைவியும் மற்ற இரண்டுக்குத் தாயும் ஆனார்! அதே 1969இல் ‘இரு கோடுகள்’ படத்தில் சௌகார் ஜானகியைக் கலெக்டராக்கிய பாலசந்தர் இதற்கு ஒரு விலக்கு.

ஸ்ரீவித்யாவின் சரித்திரம் இன்னும் விசித்திரமானது. 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில், வயதுவந்த மகளையுடைய பாடகியாக அவர் நடித்தபோது அவருக்கு வயது சுமார் 22தான், அவரைக் காதலிக்கும் இளைஞராகக் கமல்ஹாசனும், பிரிந்துபோன கணவராக ரஜினிகாந்தும் அப்படத்தில் தோன்றினார்கள். 1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் அவர் கமலுக்கே மனைவியாகவும், பின் அவருடைய இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாயாகவும் வந்தார், 1991இல் ‘தளபதி’யிலோ, தம்மைவிட ஏறத்தாழ மூன்றாண்டு மூத்த ரஜினிக்குத் தாய். ரயிலின் ஓசை கேட்குந்தோறும் கலங்குகிற அந்த விழிகளை மறக்க முடியாது. தாய் வேடத்தை இழிவென்று நான் சொல்லவும் இல்லை. முப்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு வாசல் திறந்திருந்ததா என்பதே என் கேள்வி.

வாசல் சின்னத்திரையில் திறந்தது. 1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சித்தி’யில், மணமான பெண்ணே கதையின் நடுநாயகமாக அமர, ராதிகா நடிகையாக மட்டுமன்றித் தயாரிப்பாளராகவும் விளங்கினார். பின்வந்த நெடுந்தொடர்கள் மாமியார் கொடுமையிலும் பழிவாங்கலிலும் அந்தப் பெண்களைச் சிறைவைத்தன என்பது மெய்யே. ஆயினும், முகத்தில் வயதேறிய நடிகைகளுக்கு அன்றாடம் வேலையும், வீடுதோறும் மதிப்பும் கிடைத்தன. வெள்ளித்திரை சாவகாசமாகத்தான் விழித்துக்கொண்டது. மணவாழ்க்கைக்குப் பின் ஜோதிகா திரும்பிவந்த ‘36 வயதினிலே’ வெளியானது 2015இல். அக்கதையும் மஞ்சு வாரியர் நடித்த மலையாளப் படத்திலிருந்து வந்தது என்பதை நம் படமுதலாளிகள் சற்றே நாணத்துடன் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.