தவளைக் காலில் கிடைத்த உறங்கும் செல்

கிழிந்த கெண்டைக்கால் தசை சில வாரங்களில் தேறிவிடுகிறது. எப்படித் தேறுகிறது என்பது வெகுகாலம் விளங்காமலே இருந்தது. தசைநார் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான உட்கருக்களைச் சுமக்கும் ஒரே நீண்ட செல். வளர்ந்து முடிந்த நாரில் அந்த உட்கருக்கள் பிரிவதில்லை. அப்படியானால் புதுத் தசைக்கு உட்கரு எங்கிருந்து வருகிறது? அறுந்த நாரே முளைவிடுகிறது என்றார்கள் சிலர். வெளியிலிருந்து செல்கள் வந்து சேர்கின்றன என்றார்கள் வேறு சிலர்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் உயிரியற்பியல் ஆய்வாளராக இருந்த அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் பின்காலில் கணைக்கால் எலும்பை ஒட்டிய தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாரின் மெல்லிய சவ்வுக்கும் அதைப் போர்த்திய வெளிப்படலத்துக்கும் நடுவே, தலையணைக்கும் உறைக்கும் இடையில் சிக்கிய பஞ்சுத் துணுக்குபோல, ஒரு சின்னஞ்சிறு செல் ஒட்டிக் கிடந்தது. பெரும்பகுதி உட்கருதான், சுற்றிலும் மிகக் குறைந்த செல்திரவம். சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் இதுவும் நாரின் சொந்த உட்கருக்களில் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

நாரின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்ததால் அதற்கு சாட்டிலைட் செல் என்று பெயரிட்டு, 1961-ல் மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். கருவில் தசை உருவானபோது மற்றவற்றோடு இணையாமல் உறங்கிப்போன செல்லாக இது இருக்கலாம், நார் சேதமானால் எழுந்து அதே வேலையைத் திரும்பச் செய்யலாம் என்று அதில் எழுதினார். ஆதாரமாக அவர் கையில் இருந்தது அந்தச் செல் கிடந்த இடம் மட்டுமே. அறிவியலில் இவ்வளவு குறைந்த சான்றிலிருந்து இவ்வளவு சரியான ஊகம் பிறப்பது அபூர்வம்.

ஊகம் மெய்யாக நாளாயிற்று. 2005-ல் லண்டன் ஆய்வாளர்கள் எலியின் ஒற்றைத் தசைநாரை எடுத்து இன்னொரு எலியின் தசையில் வைத்தார்கள். அதில் ஒட்டியிருந்த ஏழெட்டு சாட்டிலைட் செல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புது நார்கள் உருவாயின. 2011-ல் இந்தச் செல்களை மட்டும் எலிகளிடமிருந்து அகற்றிப் பார்த்தபோது, காயம்பட்ட தசை மீளவே இல்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அந்த உறக்கம். அது வேலையற்ற ஓய்வு என்று நினைத்தால் தவறு. பக்கத்து நாரிலிருந்து வரும் நாட்ச் என்ற சமிக்ஞை அதை ஓயாமல் காத்து நிற்கிறது. 2012-ல் எலிகளில் அந்தச் சமிக்ஞையைத் துண்டித்தபோது, காயமே இல்லாமல் செல்கள் விழித்தன. பெரும்பாலானவை பிரிந்து பெருகாமல் நாரோடு இணைந்து தீர்ந்துபோயின. பிறகு நிஜமாகவே காயம் பட்டபோது செப்பனிட ஆளில்லை. அதே ஆண்டில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார், இறந்து 17 நாட்களான மனித உடலின் தசையிலிருந்து உயிருள்ள சாட்டிலைட் செல்களை எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆக்சிஜன் அற்ற நிலையில் தம் இயக்கத்தை இன்னும் சுருக்கிக்கொண்டு அவை பிழைத்திருந்தன.

மிக முதிர்ந்த எலிகளில், தசையின் ஸ்டெம் செல்களான இந்தச் சாட்டிலைட் செல்கள் உறக்கத்திலிருந்து மீளமுடியாத முதுமைக்குள் நழுவிவிடுகின்றன என்று 2014-ல் பார்சிலோனா குழு ஒன்று கண்டது. பி16 என்ற மரபணுவை அடக்கியதும் அவை மறுபடி உறங்கவும் விழிக்கவும் தொடங்கின. இது எலியில் கண்டது. மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை. ஆகவே, ஸ்டெம் செல் ஊசியால் தசைக்கு வலுவேற்றித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால், எந்தச் செல்லைச் செலுத்துகிறீர்கள், அது தசையில் எங்கே தங்கும், அங்கே உறங்கிக் காத்திருக்குமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.