ஒரு நீலப் பெட்டியின் கதை



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவன் கம்பெனி கண்காணிப்பு கேமரா விற்கப்போகிறதாம், உள்ளே லினக்ஸ். "இலவசம்தானே சார், யார் கேட்கப்போறாங்க?" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

2002 இறுதியில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா. சக்கைப்போடு போட்டது. 2003இல் சிஸ்கோ, லிங்க்சிஸையே சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அதே ஆண்டு, பெட்டியைக் குடைந்து பார்த்தவர்கள் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள்.

லினக்ஸை வைத்தது தப்பில்லை. அதன் உரிமமான ஜிபிஎல் (இரண்டாம் பதிப்பு, 1991) காசு கேட்பதில்லை, விற்கவும் தடுப்பதில்லை. ஆனால் பெட்டியை விற்றால், அந்த மென்பொருளின் மூல நிரலை நீங்கள் செய்த மாற்றங்களோடு வாங்கியவருக்குத் தர வேண்டும். மீறினால் உரிமம் தானாகவே ரத்து. நான்காம் பிரிவில் இருக்கிறது. நம் ஆள் படித்ததே இல்லையாம்! ரத்தான பிறகும் விற்றால் அது பதிப்புரிமை மீறல்.

இதில் வேடிக்கை, லினக்ஸை உள்ளே வைத்தது சிஸ்கோ அல்ல. சிப் கொடுத்த பிராட்காம் வழியாக வந்தது அது. கேள்வி வந்ததோ பெட்டியில் பெயர் போட்டிருந்தவரிடம்.

2003இலேயே மூல நிரலை வெளியிட்டார்கள். அதை வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பெயரிலேயே அந்தப் பெட்டி இருக்கிறது, பாருங்கள். மலிவான ரவுட்டர், விலை கூடியவை செய்யும் வேலையெல்லாம் செய்தது.

2005இல் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டுப் பார்த்தார்கள். ஆர்வலர்கள் விடவில்லை. லினக்ஸ் உள்ள பழைய வடிவம் 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டு தனி மாடலாக வந்து, பத்தாண்டுக்கு மேல் விற்றது.

ஆனால் மற்ற சாதனங்கள் பற்றிய புகார்கள் ஓயவில்லை. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நியூயார்க்கில் சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம். உரிம விதிகளைக் கவனிக்க லிங்க்சிஸில் தனி அதிகாரி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அறிவிப்பு, அறக்கட்டளைக்கு நிதி.

மாணவன் காபியை முடிக்காமலே எழுந்தான். "சப்ளையர் கொடுத்ததில் என்னென்ன இருக்குன்னு எங்க ஆபீஸ்ல யாரும் பார்க்கலை சார். அடுத்த மாசம் விற்பனை."